அப்பாவுக்கு ஒரு முகம்

என் வயதை ஒத்த கிழவிகளே, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இதை வாசிக்கிறவர்களே, உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். நாம் படித்த காலத்தில் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் எப்படிப் பாடமோ, அப்படியே சில பள்ளிக்கூடங்களில் நீர்வர்ணப் படமும் ஒரு பாடம். இதை என் மருமகளிடம் சொன்னால், "அந்தக் காலத்துலயா?" என்று வாயைப் பிளக்கிறாள். நாமெல்லாம் பிறந்த அன்றைக்கே அம்மி அரைக்க உட்கார்ந்துவிட்டோம் என்பது அவள் எண்ணம்.

எங்களுக்குப் படம் சொல்லிக்கொடுத்தவர் மிஸ்ஸியம்மா. சீமையிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர். வெயில் பட்டால் அவர் கழுத்து தக்காளி மாதிரி சிவந்துபோகும். முதல் வருஷம் முழுக்கச் செம்பருத்தி, அரளி, பூவரசம்பூ என்று போனது. அடுத்த வருஷம் முகம். இரண்டு இரண்டு பேராக எங்களை எதிரெதிரே பாயில் உட்காரவைப்பார். ஒருத்தியை ஒருத்தி பார்த்து வரையவேண்டும். ஒரு மணி நேரம் இன்னொருத்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வரும். பிறகு வெட்கம் வரும். அதற்கும் பிறகுதான் முகம் கண்ணில் படும்.

நீர்வர்ணத்தில் வெள்ளை என்று ஒரு வர்ணம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது மிஸ்ஸியம்மாவின் சட்டம். தாளே வெள்ளை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முதலிலேயே பார்த்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடவேண்டும். மூக்கு நுனியில் கொஞ்சம், கீழுதட்டில் கொஞ்சம், கண்மணிக்குள் ஒரு கடுகளவு. தெரியாமல் தூரிகை பட்டுவிட்டால் போனது போனதுதான். அழித்து எழுதச் சிலேட்டு இல்லை அது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேறு உப்பு. அதில் கரைத்த வர்ணம் காய்ந்தபிறகு பொரிபொரியாகப் பூத்து நிற்கும். ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரும் வண்டிக்காரரிடம் ஒரு செம்பு கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். தாமிரபரணித் தண்ணீரில்தான் வர்ணம் அமைதியாகப் படியும்.

முகத்துக்கு என்ன வர்ணம் என்று மிஸ்ஸியம்மாவின் சீமைப் புத்தகத்தில் போட்டிருந்தது. இளஞ்சிவப்பும் மஞ்சள் காவியும் துளித் துளி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு முகத்தில் தடவவேண்டும். நாங்களும் தடவினோம். வகுப்பு முழுக்கக் கறுத்த பிள்ளைகள். தாளில் எல்லாரும் துரைசாணிகள். என் ஜோடிக்காரி நான் போட்ட அவள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நானா? எங்க அம்மை பாத்தா, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேப்பா" என்றாள். அப்படிச் சொன்னவளே என்னையும் ரோஜாப்பூ நிறத்தில்தான் போட்டிருந்தாள். முகம் என்றால் அந்த நிறம் என்று நாங்கள் நம்பியிருந்தோம். மிஸ்ஸியம்மாவுக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, பாவம்.

சீமையில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டப்போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் பதக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. சித்திரை வெயிலில் வாந்திபேதி வந்தது. காலையில் பள்ளிக்கூடம் போன அப்பா மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் விடியும்போது அவர் இல்லை. நோய் பரவிவிடும் என்று உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகளை வாசலுக்கே விடவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. தம்பி தவழ்கிற பிள்ளை.

அப்பா ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அவரைப் பிடித்த போட்டோ ஊரிலேயே ஒன்றுதான். வாத்தியார்மார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "யாரும் அசையப்பிடாது" என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு பயல் மதில்மேல் ஏறியிருக்கிறான். அப்பா திரும்பி அவனை அதட்டியிருக்கிறார். படத்தில் அப்பாவின் கோட்டுப் பொத்தான் தெளிவு, மடியில் வைத்த கை தெளிவு, செருப்புகூடத் தெளிவு. கழுத்துக்கு மேலே ஒரு புகை. அப்பாவின் குணம் முழுக்க அந்தப் புகையில் இருக்கிறது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதார்கள்.

அப்பாவின் பள்ளிக்கூடம் ஆனி மாதம் திறக்கும். அப்போது மண்டபத்தில் புது ராஜாவின் படத்தை மாட்டப்போகிறார்கள். பக்கத்திலேயே வாத்தியார் படம் ஒன்றையும் மாட்டிவிடலாம் என்று எங்கள் வேதக்கோயில் குருவானவர் சொன்னார். படம் எங்கே இருக்கிறது? பெரியப்பா, அதாவது அப்பாவுடைய அண்ணன், கொஞ்சநேரம் தாடியைத் தடவிவிட்டு, "நம்ம பிள்ளதான் படம் போடுதால்லா" என்றார். அப்படி அந்த வேலை என் தலையில் விழுந்தது. மிஸ்ஸியம்மா கோடைக்குக் கொடைக்கானல் மலைக்குப் போயிருந்தார். போகும்போது வர்ணப் பெட்டியையும் நாலைந்து தடித்த தாள்களையும் என்னிடம் விட்டுப் போயிருந்தார், விடுமுறையில் பூ வரைவதற்கு.

உங்களுக்குத் தோன்றலாம்: சொந்த அப்பா, தினமும் பார்த்த முகம், கண்ணை மூடினால் வராதா என்று. கண்ணை மூடினால் வரும். பென்சில் தாளைத் தொட்டதும் போய்விடும். மூக்கைப் பிடித்தால் வாய் நழுவும், வாயைப் பிடித்தால் தாடை நழுவும். இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மறந்துவிட்டேனே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

அத்தைதான் வழி சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. "மொகம் என்ன வானத்துலேர்ந்தா வந்துச்சு? எங்க வீட்டு மொகம்தான. ஆளுக்குக் கொஞ்சம் எங்ககிட்ட இருக்கும். பாத்து எடுத்துக்கோ" என்றாள். அவள் சொன்னது சரி என்று எல்லாருக்கும் பட்டது. மூக்கு பெரியப்பாவிடம் இருந்தது. கண் அத்தையிடம் இருந்தது. தாடை தம்பியிடம். காது என்னிடம், அதற்கு நான் கண்ணாடியை வைத்துக்கொண்டு கழுத்தைத் திருகிப் பார்க்கவேண்டியிருந்தது.

பெரியப்பா உட்கார வரும்போது கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக வந்தார்.

"பெரியப்பா, எனக்கு மூக்கு மட்டும் போதும்."

"மூக்கத் தனியாக் களத்தியா தரமுடியும்? நீ வரை பிள்ள. சரிகை நல்லாத் தெரியணும்."

"சரிகை மூக்குல இல்லியே பெரியப்பா."

அத்தை பக்கென்று சிரித்துவிட்டாள். துக்க வீடு என்று நினைவு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா செத்தபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்புறம் அவள் தன் முறைக்கு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், "அண்ணன் கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது வீங்கிய கண்ணைத்தான் நான் வரைந்தேன். வேறு கண்ணை அவள் எனக்குக் காட்டவே இல்லை. தம்பியின் தாடையை அவன் தூங்கும்போது வரைந்தேன். விழித்திருந்தால் பென்சிலைத் தின்றுவிடுவான்.

வர்ணம் தீட்டும்போது பெரியப்பா பின்னாலேயே நின்றார். "ஏட்டி, கொஞ்சம் வெளுப்பாப் போடு. ராசா பக்கத்துல தொங்கப்போற படம். கரியள்ளிப் பூசுன மாரி இருக்கப்பிடாது" என்றார். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. புத்தகத்தில் உள்ளபடி இளஞ்சிவப்பு ஒரு துளி, மஞ்சள் காவி ஒரு துளி. படம் முடிந்தது. பெரியப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. குருவானவர் வந்து பார்த்து, "கர்த்தர் பிள்ளைக்கு நல்ல தாலந்து கொடுத்திருக்கிறார்" என்றார்.

வீட்டில் இன்னும் ஒருத்தி பார்க்கவேண்டியிருந்தது. அம்மா. படத்துக்காக ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்களே, அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம் அப்பாவின் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை, கேட்டு என்ன பிரயோசனம் என்று நினைத்திருப்பார்கள். பெரியப்பாவும் குருவானவரும் முன்னறையில் இருந்ததால் அம்மா அங்கே வரமாட்டாள். அத்தையும் நானும் படத்தை அடுக்களைக்கு எடுத்துப் போனோம். அம்மா வெள்ளைச் சேலையில் அரிவாள்மணைமுன் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கூடப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். "கோட்டுப் பொத்தானெல்லாம் அப்படியே இருக்கு."

பிறகு அடுத்த கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள். அத்தை முன்னறைக்குப் போய், "மைனிக்கும் பிடிச்சிருக்கு" என்று சொன்னாள்.

எல்லாருக்கும் பிடித்த படத்தில் எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அதை நாற்காலியில் சாய்த்துவைத்துத் தள்ளி நின்று பார்த்தால், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கல்யாணம் சொல்ல வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெளுத்த முகம், அழுத கண், குழந்தைத் தாடை.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். பின்வாசல் நிழலில் அம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். மெதுவாகக் கேட்டேன்.

"எம்மா, படம் அப்பா மாரி இருக்கா?"

அம்மா கை நிற்கவில்லை. "எனக்கு எப்படிட்டி தெரியும்?" என்றாள்.

"என்னம்மா சொல்லுத?" என்றேன்.

"நான் அவிய மொகத்த நிமிந்து பாத்ததில்லட்டி. அவிய உள்ள வந்தாவன்னா நான் எந்திச்சிருவேன், குனிஞ்சிருவேன். காலு தெரியும். சத்தம் தெரியும். சோறு போடும்போது கை தெரியும்."

"கோயில்ல அப்பா வேதபாடம் வாசிப்பாவள்லா, அப்ப?"

"நாலு பேரு இருக்குத எடத்துல புருசன் மொகத்தப் பாத்துட்டா இருப்பாவ? நல்ல பிள்ள நீ. நான் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

பதின்மூன்று பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். சிநேகிதிகளே, இன்றைக்கு உள்ள பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள். நமக்குத் தெரியும், நம் அம்மாமார்களில் அநேகம் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஞானஸ்நானம் எடுத்ததும் சாமி மாறியது, நடையுடை மாறவில்லை.

நான் அடுத்த புளியை எடுத்தபோது அம்மாவே மறுபடி பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"தூங்கும்போது பாத்திருக்கேன்."

"எப்போ?"

"கோழி கூப்புடும்போது நான் எந்திப்பேன்லா. அவிய தூங்கிட்டு இருப்பாவ. அப்ப கொஞ்சம் பாத்துட்டுத்தான் அடுப்பு பத்தவைக்கப் போவேன்." அம்மா ஒரு புளியங்கொட்டையை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினாள். "கண்ணு மூடியிருந்தா எனக்கு அந்த மொகம் தெரியும். முழுக்கத் தெரியும்."

நான் எழுந்து போய்த் தாளும் பென்சிலும் கொண்டுவந்தேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வரையும்போது தாளை அவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதற்கடுத்த மத்தியானங்களிலும் அப்படித்தான். புளி தீர்ந்ததும் முருங்கைக்கீரை உருவினாள். கீரை தீர்ந்ததும் கையில் ஒன்றுமில்லாமலே உட்கார்ந்து சொன்னாள்.

இடது புருவத்தில் ஒரு கீறல் உண்டு. சின்ன வயதில் பனைமட்டை கிழித்தது. முடிக்குள் மறைந்திருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். வாய் முழுசாக மூடாது, மேல்பல்லு ஒன்று அரிசிமுனை அளவு வெளியே தெரியும். மூக்கு பெரியப்பா மூக்கு மாதிரி நேர் இல்லை, வலப்பக்கம் ஒரு இழை சாய்ந்திருக்கும். கன்னம் உள்வாங்கியிருக்கும். "பள்ளிக்கூடத்துல கத்திக் கத்தி மனுசருக்குக் கன்னம் ஒட்டிப்போச்சு" என்றாள். நெற்றியில் தலைப்பாகை கட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். இத்தனையும் நான் தினம் பார்த்த முகத்தில் இருந்தவை. அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சொல்லும்போது அவள் அழவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள் என்று நினைக்கிறேன்.

"நெறம் எப்படிம்மா இருக்கும்?"

அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. "பதநி காச்சும்போது கருப்பட்டி ஆவுததுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு நெறம் வரும்லா, அது."

அந்த நிறம் மிஸ்ஸியம்மாவின் புத்தகத்தில் இல்லை. பழைய தாள்களின் ஓரங்களில் தடவித் தடவிப் பார்த்தேன். இளஞ்சிவப்பை எடுத்து மூலையில் வைத்தேன். முதலில் மஞ்சள் காவி மட்டும், நல்ல தண்ணீராக. அது காய்ந்தபிறகு செங்காவி. அதுவும் காய்ந்தபிறகு, குழிவிழும் இடங்களில் நீலம். முகத்துக்கு நீலம் போடலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் கையையே வெயிலில் நீட்டிப் பார்த்தபோது, விரலிடுக்கில் நிழல் நீலமாகத்தான் இருந்தது. பயந்து பயந்து வைத்தேன். கன்னம் உள்ளே போனது. தாளிலிருந்து ஒரு கறுத்த மனிதர் மெல்ல மெல்ல வெளியே வந்தார்.

கண் இருக்கும் இடத்தை மட்டும் வெறும் தாளாக விட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தது மூடிய கண். மூடிய கண்ணோடு படம் மாட்டினால் பிணத்தைப் போட்டிருக்கிறது என்பார்கள். திறந்த கண்ணை நான்தான் போடவேண்டும். அத்தையின் கண்ணைத் திரும்ப எடுக்கவில்லை. அப்பாவின் கண்ணை நான் நேராகப் பார்த்தவள். பிள்ளைகளுக்கு அந்த உரிமை இருந்தது. சாயங்காலம் கணக்குப் போட்ட சிலேட்டை நீட்டுவேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, தப்பு எங்கே என்று வாயால் சொல்லாமல் என்னை நிமிர்ந்து பார்ப்பார். கோபம் இருக்காது. நீயே கண்டுபிடி என்று காத்துக்கொண்டிருக்கிற பார்வை. அதை நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்மணியில் ஒரு கடுகளவு தாளைத் தொடாமல் விட்டு, சுற்றிக் கறுப்பை வைத்தேன். வைத்துவிட்டு நானே கையில் சிலேட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான். முதல் படத்துக்குச் சட்டம் போட ஆசாரியிடம் கொடுக்கக் குருவானவர் வந்திருந்தார். நான் இரண்டாவது படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியப்பா பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தார்.

"என்னட்டி இது, இவ்வளவு கறுப்பு? எந் தம்பிய வெயில்ல போட்டுக் காயவச்ச மாரில்லா இருக்கு."

குருவானவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது என்றே நினைக்கிறேன். "அம்மாவிடம் காட்டுங்கள். எது அவர் முகம் என்று அவர்கள் சொல்லட்டும். அதையே மாட்டிவிடுவோம்" என்றார்.

நியாயமான பேச்சு. அத்தையும் நானும் மறுபடி அடுக்களைக்குப் போனோம். எந்தப் படம் மண்டபத்தில் தொங்கும் என்பதுபற்றி எனக்குக் கவலை இல்லை. இது அம்மாவுக்காகப் போட்ட படம். அம்மா இதில் அவரைக் கண்டுகொண்டால் போதும் என்று இருந்தது.

அம்மா உட்கார்ந்து சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மைனி, இதப் பாருங்க" என்று அத்தை சொன்னாள். நான் படத்தை உயர்த்திப் பிடித்தேன்.

அம்மா நிமிர்ந்தாள். கண் படத்தில் பட்டது, அவ்வளவுதான். சட்டென்று எழுந்துவிட்டாள். அரிசிப் பானை சரிந்து களைந்த தண்ணீர் தரையில் ஓடியது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பின்னுக்குப் போய்க் கதவோரம் நின்றாள். அத்தை, "என்ன மைனி, பாத்துச் சொல்லுங்க" என்றாள். அம்மா நிமிரவில்லை. "பாருங்க மைனி" என்று அத்தை இரண்டாம் தடவை சொன்னாள். அம்மா தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

அத்தை முன்னறைக்குப் போய், "மைனி இத ஏறெடுத்துப் பாக்கவே மாட்டேங்கா" என்றாள்.

"பாத்தியளா ஐயா, அவளுக்கே பொறுக்கல" என்றார் பெரியப்பா. "பெத்தவள எதுக்குப் பயங்காட்டுத பிள்ள? மொதப் படம்தான் படம்."

குருவானவர் தலையை அசைத்தார். என் தலையில் கை வைத்து, வருத்தப்படவேண்டாம் என்று சொன்னார். முதல் படம் ஆசாரியிடம் போனது. பட்டம் கட்டிய ராஜாவுக்குப் பக்கத்தில் ஆனி மாதம் அதை மாட்டினார்கள். ராஜாவும் வாத்தியாரும் ஏறக்குறைய ஒரே நிறம். அடுத்த வருஷம் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்து, எந்த ஊர்த் துரை என்று கேட்டாராம். என் தம்பி அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தான். அதுதான் அப்பா என்று சாகும்வரை நம்பினான். நானும் அவனிடம் மாற்றிச் சொன்னதில்லை.

அன்றைக்கு மாலை, விளக்கு ஏற்றும்போது அம்மா, "அது எங்க?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் அவள் அதைப் பார்க்கவில்லை. அப்பாவின் வெளுத்த மேல்துண்டில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் அடியில் வைத்தாள். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஒளித்து வைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் சொன்ன முகத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று குமுறிக் குமுறி அழுதேன். மிஸ்ஸியம்மா மலையிலிருந்து திரும்பியதும், இனிமேல் முகம் வரையமாட்டேன், பூ மட்டும் வரைகிறேன் என்றேன். அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். செம்பருத்தியும் அரளியும் வரைந்தே பள்ளிக்கூடத்தை முடித்தேன். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு முகத்தையும் நான் வரையவில்லை.

முதல் பெரிய சண்டை ஓய்கிற சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். அந்தக் காய்ச்சல் எடுத்த வீடுகளில் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் உடுத்தது, படுத்தது, பெட்டியில் இருந்தது எல்லாவற்றையும் பின்வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். துண்டில் சுற்றி என்ன இருந்தது என்று கொளுத்தினவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது கட்டிலை விட்டு எழுந்திருக்கமுடியாத காய்ச்சல். தெரிந்திருந்தாலும், அந்தப் படம் போகட்டும் என்றுதான் இருந்திருப்பேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. நல்ல மனுஷர், வாயாடி. நானும் வாயாடி. அம்மா மாதிரி குனிந்தே வாழ்க்கையை ஓட்டக்கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன், பார்த்துத்தான் சண்டையும் போடுவேன். மாமியாருக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு சமயம் கொழும்பில் வேலை கிடைத்து அவர் போனார். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே இருந்தார். இடையில் அங்கே காய்ச்சல் என்று செய்தி வந்தது. அப்புறம் ஒரு செய்தியும் வரவில்லை. நான் தினமும் ஜெபம் பண்ணினேன், தினமும் பயந்தேன். ஒரு காலையில் முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நடையில் ஆள் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இளைத்து, கறுத்து, அவர் நின்றார்.

ஓடிப் போயிருக்கலாம். ஏன் தகவல் அனுப்பவில்லை என்று கத்தியிருக்கலாம். நான் எழுந்து நின்றேன். சுளகு விழுந்து அரிசி சிதறியது. என் கை தானாகவே முந்தானையை இழுத்துப் போர்த்தியது. தலை தாழ்ந்துவிட்டது. பின்னுக்குப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டு அவர் காலைப் பார்த்தேன். நிமிரவே முடியவில்லை.

"என்னட்டி, நான் என்ன கலெக்டரா?" என்று அவர் சிரித்தார். "உக்காரு. எதுக்கு இப்படி எந்திச்சு நிக்குத?"

எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் படத்தை அம்மா உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். யாரோ ஒருவர் படம் அது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவதற்கு எழுந்து நின்றாள். எழுந்து நிற்க அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

நான் அழுவதைக் கண்டு அவர் பயந்துபோனார். கையில் இருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன, வீட்டுல யாருக்கும் என்னமும் ஆச்சா? சொல்லு" என்று கிட்டே வந்தார்.

"ஒண்ணும் ஆவல" என்றேன். "அப்பா படத்த நான் சரியாத்தான் போட்டிருக்கேன்."